பெற்றோரின் கையெழுத்தும் மகளின் குரலும்



அமெரிக்காவில் குடியேறிவிட்ட நம் பங்குக் குடும்பம் ஒன்று கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தது. திருப்பலி முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது குடும்பத் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "சாமி, 18 வயசு ஆகாத பொண்ணு கருக்கலைப்பு பண்ணணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும்னு அங்க நம்ம சபைக்காரங்க எல்லாம் போராடுறாங்க. நம்ம நாட்டுல அப்படி ஒரு சட்டம் இருக்குதுங்களா?" இருக்கிறது, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகவே இருக்கிறது என்றோம். அவர் வியப்போடு, "அப்ப இங்க குழந்தைங்க காப்பாத்தப்படுதுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அங்கே நின்றபடி நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்ல முயல்கிறோம்.

அமெரிக்கக் கத்தோலிக்கர்களின் நிலைப்பாட்டை முதலில் நியாயமாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1973-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை உரிமையாக அறிவித்த பிறகு, பல மாநிலங்கள் "சிறுமியாக இருந்தால் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்" அல்லது "பெற்றோரின் சம்மதம் பெற வேண்டும்" என்று சட்டம் இயற்றின. 1979-இல் பெல்லோட்டி வழக்கில் அதே நீதிமன்றம், பெற்றோரிடம் போக முடியாத சிறுமிக்கு நீதிபதியிடம் போகும் வழி இருக்க வேண்டும் என்று கூறியது. 2022 ஜூன் 24 அன்று 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பே நீக்கப்பட்டு, முடிவெடுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்குத் திரும்பியது. இந்தச் சட்டங்களை அங்குள்ள ஆயர்கள் ஆதரிப்பதன் காரணம் எளிது. பிள்ளையின் துன்பம் பெற்றோருக்குத் தெரிந்தால் அவர்கள் பிள்ளையையும் காப்பார்கள், பிள்ளையின் வயிற்றில் உள்ள உயிரையும் காப்பார்கள் என்ற நம்பிக்கைதான். பள்ளிச் சுற்றுலாவுக்கே பெற்றோரின் கையெழுத்து கேட்கும் நமக்கு அது விளங்காத வாதம் அல்ல.

ஆனால் நம் கொங்குப் பகுதியில் அந்த நம்பிக்கை எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதுதான் நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய கேள்வி.

மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் 1971 ஆகஸ்ட் 10 அன்று இயற்றப்பட்டு 1972 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 50-ஆம் ஆண்டு நிறைவை 2021-இல் இந்தியத் திருச்சபை துக்க நாளாக நினைவுகூர்ந்தது நம்மில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஒரு சிறு உட்பிரிவு உண்டு. 18 வயது நிரம்பாத பெண்ணின் கருவைப் பாதுகாவலரின் எழுத்து மூலமான சம்மதம் இன்றிக் கலைக்கக் கூடாது என்கிறது அது. 18 வயது நிரம்பிய பெண்ணாக இருந்தால் அவளுடைய சம்மதம் போதும், கணவனின் கையெழுத்துக்கூட வேண்டியதில்லை. சிறுமியாக இருந்தால் பாதுகாவலரின் கையெழுத்து. அப்படியானால் சிறுமியின் சம்மதம்? அதைப் பற்றிச் சட்டத்தின் எழுத்து வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. அந்தச் சட்டம் உண்மையில் மருத்துவரை வழக்கிலிருந்து காப்பாற்றும் பாணியில் எழுதப்பட்டது. பின்னாளில் கேள்வி வந்தால் மருத்துவர் எடுத்துக் காட்ட ஒரு கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் அந்தத் தாளில் தந்தையின் பெயருக்கு இடம் இருக்கிறது. அதில் மகள் பேச இடம் இல்லை.

2021-இல் சட்டம் திருத்தப்பட்டபோது சிறுமிகள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் உள்ளிட்ட சிலருக்குக் கால வரம்பு 20 வாரத்திலிருந்து 24 வாரமாக நீட்டப்பட்டது. அந்தத் திருத்தத்திலும் இந்த இடம் தொடப்படவில்லை.

நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதல்ல. ஆனாலும் ஊரையும் அடையாளங்களையும் தவிர்த்தே சொல்கிறோம். 2012-ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முந்தைய காலம் அது. தவக்கால வெள்ளி ஒன்றில் சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், ஒரு தம்பதியர் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். மகளை வெளியே திண்ணையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னார்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். ஐந்தாம் கட்டளையை எடுத்துச் சொன்னோம், திருச்சபையின் போதனையை விளக்கினோம், குருமடத்தில் படித்தது எல்லாம் அன்று வரிசையாக நினைவுக்கு வந்தது. தாய் அழுதுகொண்டிருந்தார். தந்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றது நாயந்தானுங்க சாமி. ஆனா இவளுக்கு அடுத்து இன்னொரு புள்ள இருக்குதுங்க. வெளிய தெரிஞ்சா அதை யாருங்க கட்டுவாங்க? நாங்க இந்த ஊர்லதானுங்க இருக்கோணும்."

நம்மிடம் அதற்குப் பதில் இல்லை. "செபிப்போம்" என்றோம். அவர்கள் புறப்பட்டபோது வெளியே வந்து பிள்ளையின் தலையில் கை வைத்து ஆசீர் அளித்தோம். அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

குருத்து ஞாயிறன்று குடும்பம் முழுவதும் ஓலை பிடித்துக்கொண்டு கோவிலில் நின்றது. பிள்ளை வெளுத்துப்போயிருந்தாள். நாம் புரிந்துகொண்டோம். பல மாதங்களுக்குப் பிறகு தாய் ஒரு நாள் சொன்னார், மருத்துவமனையில் தந்தையிடம் கையெழுத்து வாங்கினார்களாம். "இவளை யாருமே ஒண்ணும் கேக்கலீங்க சாமி." யாருமே என்று அவர் சொன்னதில் நம்மையும் சேர்த்தார் என்றே இன்றுவரை எண்ணுகிறோம்.

அந்தத் தந்தையைக் கொடியவர் என்று சொல்ல மாட்டோம். அவர் பயந்த மனிதர். கொங்கு நாட்டில் பயம் வெறும் மனப்பிரமை அல்ல. 2015-இல் வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவர் திருச்செங்கோடு கோவிலிலிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தின் அருகே பட்டப்பகலில், சாதி மாறி மணந்த மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஊர் கேட்கும் கேள்விக்கு இங்கே அவ்வளவு விலை இருக்கிறது. மகளின் வயிற்றில் வளர்வது எந்தச் சாதிப் பையனின் பிள்ளை என்பதைப் பொறுத்து எத்தனை வேகமாகக் கையெழுத்து விழுகிறது என்பதும் மாறும். கத்தோலிக்கக் குடும்பங்கள் இதில் விதிவிலக்கு என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. திருமுழுக்குப் பதிவேட்டில் சாதி எழுதுவதில்லை. மணமகன் தேடும்போது எழுதாததையெல்லாம் கேட்கிறோம்.

கலைக்காவிட்டால் இன்னொரு வழியைத் தேடுகிறார்கள்: "சீக்கிரம் ஒரு கல்யாணம் பண்ணி வெச்சிருங்க சாமி." 18 வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் நடத்துவது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எந்தப் பங்குத்தந்தையும் அதற்கு இணங்கக் கூடாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 23.3 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 6.8 சதவீதம் பேர் ஏற்கெனவே தாயாகியிருந்தார்கள் அல்லது கருவுற்றிருந்தார்கள்.

பயந்த தந்தையைப் பற்றிச் சொன்னோம். பாதுகாவலரே பாதுகாப்பாக இல்லாத வீடும் உண்டு. 2022 ஜூன் மாதம் ஈரோட்டில் வெளிவந்த செய்தியை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. 16 வயதுச் சிறுமியை அவளுடைய தாயும் தாயோடு வாழ்ந்த ஆணும் சேர்ந்து, ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, தனியார் மருத்துவமனைகளில் பல முறை கருமுட்டை விற்க வைத்த கொடுமை அது. அது கருக்கலைப்பு வழக்கு அல்ல. ஆனாலும் நாம் பேசும் காரியத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. அங்கும் பெற்றவள் கூடவே வந்தாள், தாள்களில் எல்லாம் சரியாக இருந்தது, பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து யாரும் பேசவில்லை.

நீதிமன்றங்கள் இந்த இடைவெளியைக் கண்டிருக்கின்றன. அதில் நம் சென்னை உயர் நீதிமன்றம் முந்திக்கொண்டது என்பது பலருக்குத் தெரியாது. 1993 டிசம்பரில் ஒரு தந்தை தம் மைனர் மகளின் கருவைக் கலைக்க உத்தரவிடக் கோரினார். மகளோ பிள்ளையைப் பெற்றுக்கொள்ள விரும்பினாள். அவளுடைய விருப்பத்துக்கு மாறாகக் கலைக்கச் சொல்ல நீதிமன்றம் மறுத்துவிட்டது. தந்தையின் அதிகாரம் மகளின் உடலுக்குள் வளரும் உயிர்வரை நீளாது என்பதே அதன் பொருள். நம் ஆலயங்களில் வாழ்வுக்கு ஆதரவான வகுப்புகளில் இந்தத் தீர்ப்பைச் சொல்லி நாம் கேட்டதில்லை. சொல்ல வேண்டும்.

2024-இல் மகாராட்டிரத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமியின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வன்முறைக்கு ஆளான பிள்ளை. ஏழு மாதம் ஆகும் தருவாயில் தாயின் வேண்டுகோளை ஏற்று ஏப்ரல் 22 அன்று நீதிமன்றம் கலைப்புக்கு அனுமதித்தது. ஒரு வாரத்துக்குள் மகளின் உயிருக்கு ஆபத்து நேருமோ என்ற கவலை பெற்றோரைப் பிடித்துக்கொண்டது. மகப்பேறு வரை காத்திருக்கிறோம் என்றார்கள். ஏப்ரல் 29 அன்று நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. மருத்துவச் செலவை மருத்துவமனையே ஏற்க வேண்டும், பின்னர் குழந்தையைத் தத்துக் கொடுக்க விரும்பினால் அரசு உதவ வேண்டும் என்றும் சொன்னது. பெற்றோரின் கருத்தும் சிறுமியின் கருத்தும் வேறுபட்டால் சிறுமியின் கருத்துக்கு முக்கிய இடம் தரவேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது.

இந்த இடத்தில் நாம் எதையும் மறைக்காமல் பேச வேண்டும். உச்ச நீதிமன்றம் நிற்கும் அடித்தளம் பெண்ணின் தன்னுரிமை. நாம் நிற்பது கருவான நொடியிலிருந்தே மனித உயிர் புனிதமானது என்ற நம்பிக்கையில். "என் மகள் பிள்ளையைப் பெறட்டும்" என்று பெற்றோர் சொல்லி, மகள் வேண்டாம் என்றால் அதே தீர்ப்பு நமக்கு எதிராகத் திரும்பும். அதை நாம் ஏற்க முடியாது. அதற்காக, மகளைக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து மறுத்துவிடக் கூடாது. நம் பகுதியில் நாம் பார்த்தவரை, முதலில் வேண்டாம் என்பது பெரும்பாலும் மகள் அல்ல. அவள் பேசாமல் இருக்கிறாள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதில் இன்னொரு சிக்கலைச் சேர்த்தது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை கருவுற்றிருந்தால் அது சட்டத்தின் பார்வையில் பாலியல் குற்றம். அறிந்தவர் எவரும், பங்குத்தந்தை உட்பட, காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதது தண்டனைக்குரியது. பிள்ளைகளைக் காக்க வந்த அருமையான சட்டம் இது, இதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் வழக்கு என்றாலே அஞ்சும் குடும்பம் அரசு மருத்துவமனைக்குப் போகாமல் மருந்துக் கடையில் மாத்திரை கேட்கிறது, அல்லது படிக்காத கைகளை நாடுகிறது. இதை உணர்ந்தே 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் கருக்கலைப்பு செய்யும் மருத்துவர் காவல்துறைக்கு அனுப்பும் தகவலில் அவளுடைய பெயரை வெளியிட வேண்டியதில்லை என்றது. பெயர் வெளியே வராது என்ற உறுதி கலைக்க வருபவளுக்குக் கிடைக்கிறது. பெற்றெடுக்க விரும்புபவளுக்கு அந்த உறுதியை யார் தருகிறார்கள்? ஊரில் எல்லோருக்கும் வயிறு தெரியுமே! கலைப்பதை மறைத்துவிட முடியும், பெறுவதை மறைக்க முடியாது. வெட்கத்தின் பாரம் முழுவதும் உயிரைக் காப்பவள் தலையில்தான் விழுகிறது.

திருச்சபைச் சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று தெரிந்தால் நம் பெற்றோர் பலர் திடுக்கிடுவார்கள். கருக்கலைப்பு செய்துகொள்பவரும் அதற்கு இன்றியமையாத வகையில் உதவுபவரும், தண்டனை உண்டு என்று தெரிந்தே செய்தால், தாமாகவே திருச்சபைக்குப் புறம்பாகிறார்கள். 2021-இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத் தொகுப்பில் இது 1397-ஆம் எண். ஆனால் 16 வயது நிரம்பாதவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை என்கிறது 1323-ஆம் எண். 16 நிரம்பி 18 நிரம்பாதவரையும் கடும் அச்சத்தால் உந்தப்பட்டவரையும் தானாக விழும் தண்டனை கட்டாது என்கிறது 1324. ஆகவே, மகளைக் கைபிடித்து அழைத்துப்போய்க் கையெழுத்திடும் தந்தை தண்டனைக்கு உள்ளாகலாம், மகள் உள்ளாகமாட்டாள். பாவம் வேறு, தண்டனை வேறு என்பதை மறுக்கவில்லை. இருந்தும் நம் ஊர்களில் நடப்பதைப் பாருங்கள். தந்தை அன்பியக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்து விவிலியம் வாசிக்கிறார். மகள் நற்கருணை வாங்க எழுந்து வருவதில்லை.

அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும்: 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய திருத்தூது மடலின் வழியாக, இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரம் எல்லாக் குருக்களுக்கும் நிலையாகத் தரப்பட்டிருக்கிறது. ஆயரிடம் போக வேண்டியதில்லை. புனித இரண்டாம் யோவான் பவுலும் 1995-ஆம் ஆண்டு 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலில், இத்தகைய பெண்களோடு கண்டிப்பு இல்லாத தந்தையாகவே பேசுகிறார். குடும்பத்தின் வற்புறுத்தலுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று அதே மடல் வெளிப்படையாகச் சொல்கிறது. தந்தைக்கும் அதே மன்னிப்பு உண்டு. ஆனால் கேட்டு வருபவருக்குத்தானே கொடுக்க முடியும்.

திருவருகைக் காலத்தில் நாம் வாசிக்கும் லூக்கா நற்செய்திப் பகுதியை இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். மணம் ஒப்பந்தமான, இன்னும் கணவன் வீடு சேராத இளம்பெண் கருவுற்றிருக்கிறாள். நாசரேத்து சிற்றூர், அங்கும் பேச வாய்கள் உண்டு. அவள் விரைந்து போவது மலைநாட்டில் இருந்த உறவினர் வீட்டுக்கு. கதவைத் திறந்த எலிசபெத்து, யார் காரணம், ஊருக்கு என்ன சொல்வது என்று கேட்கவில்லை. வாழ்த்துகிறார். அவளையும் அவள் வயிற்றுக் கனியையும் சேர்த்து வாழ்த்துகிறார். மூன்று மாதம் அந்த வீட்டில் அவளுக்கு இடம் இருந்தது. நாள்தோறும் செபமாலையில் அந்த வாழ்த்தைத்தான் சொல்கிறோம்.

ஆகவே பெற்றோரின் கையெழுத்து வேண்டாம் என்று நாம் வாதாடவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை தாய் தந்தை இல்லாமல் தனியே முடிவெடுக்க வேண்டும் என்பதும் கொடுமைதான். பெற்றோரே அருகில் இல்லாத பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட நூற்பாலை விடுதிகளில் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளம்பெண்கள் தங்கி வேலை செய்கிறார்கள். 'சுமங்கலி திட்டம்' என்ற பெயரில் மூன்று ஆண்டு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிய காலத்தை நாம் கண்டிருக்கிறோம். அவர்களில் வயது குறைந்த ஒருத்திக்கு இப்படி நேர்ந்தால் பாதுகாவலர் யார்? பிள்ளையைத் தம் பராமரிப்பில் வைத்திருப்பவர் என்கிறது சட்டம். விடுதிக் காப்பாளரா? ஆள் கூட்டி வந்தவரா? எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது.

நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு. எதையும் ஒளித்துச் செய்யக் கூடாது; அது பிள்ளைக்கே ஆபத்து. 1098-க்கு அழைக்கலாம். மாவட்டக் குழந்தைகள் நலக் குழு மருத்துவத்துக்கும் தங்கலுக்கும் வழி செய்யும். பிறந்த குழந்தையை வளர்க்க இயலாவிட்டால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் அதே குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசமும் உண்டு. பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது நம் பக்கத்துச் சேலத்தில்தான். வீட்டில் இருக்க முடியாத பிள்ளையை, குழு ஏற்கும் தகுதியுள்ள நபரிடம் சிறிது காலம் விட்டுவைக்கவும் சட்டம் இடம் தருகிறது. இதெல்லாம் நம் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் தெரிந்திருக்கிறதா? நமக்கே இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் பாதி தெரிந்தது.

அண்மையில் அன்பியப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, "இப்படி ஒரு பிள்ளை நம் பங்கில் வந்தால் யார் வீட்டில் இடம் இருக்கும்?" என்று கேட்டோம். வெகுநேரம் யாரும் பேசவில்லை. ஒருவர் கோவில் திருவிழாக் கணக்கை எடுக்கலாமா என்று கேட்டார். பின்வரிசையில், கணவரை இழந்து தனியாக வாழும் மூதாட்டி ஒருவர் எழுந்தார்.

"எங்க வீட்டு மாடியில ஒரு ரூம்பு சும்மாத்தானுங்க சாமி கெடக்குது."

அப்படி நேரே கூட்டிப்போய் வைத்துக்கொள்ள முடியாது அம்மா, குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி வேண்டும், விசாரிப்பார்கள், தாள்கள் எல்லாம் கேட்பார்கள் என்று விளக்கினோம்.

"கேக்கட்டுமுங்க. அவிய ஆபீசு எங்கிருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.